பற்றறியைத் தின்ற வெயில்

சூடு பார்க்க வேண்டிய எதையும் அன்ரனிதாஸ் புறங்கையால்தான் தொடுவார். தேநீர்க் கோப்பையாக இருக்கட்டும், அடுப்பால் இறக்கிய சட்டியாக இருக்கட்டும், கையைத் திருப்பி விரல் முட்டுகளுக்கு மேலேயுள்ள மெல்லிய தோலைத்தான் கொண்டுபோய் வைப்பார். கலியாணமான முதல் கிழமை மரியநாயகிக்குக் காய்ச்சல் வந்தபோதும் அப்படித்தான் நெற்றியைத் தொட்டார். அவளுக்கு அது புதினமாக இருந்தது. அவளுடைய வீட்டில் எல்லோரும் உள்ளங்கையால்தான் பார்ப்பார்கள். ஏன் என்று அவள் கேட்கவில்லை. இடப்பெயர்வோடு எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடம் நின்றுபோனவள் அவள். ஆட்களுக்கு முன்னால் வாய் திறக்கக் கூச்சம். பூசைக்குப் போனாலும் கடைசி வாங்கில், தூணுக்குப் பின்னால்தான் இருப்பாள். ஆனால் கண் மட்டும் சும்மா இராது. சில மாதங்கள் பார்த்தபின் காரணம் தானாகவே பிடிபட்டது. வலை இழுத்து இழுத்து அவருடைய உள்ளங்கை காய்த்துப்போயிருந்தது. அதில் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது.

கடலில் எஞ்சின் மூடியிலும் அவர் அந்தப் புறங்கையைத்தான் வைத்துப் பார்ப்பாராம். “எஞ்சினுக்குக் காய்ச்சல் வந்தால் அது வாய் திறந்து சொல்லாது. நாங்கள்தான் தொட்டுப் பாக்கோணும்” என்பார். ஊர்காவற்றுறைக் கரையில் அவரைப்போல எஞ்சின் பார்க்கிற ஆள் இல்லை என்று மரியநாயகியின் தமையன் சில்வெஸ்ரரே ஒத்துக்கொள்வார். சில்வெஸ்ரர் லேசில் எதையும் ஒத்துக்கொள்கிறவர் அல்ல.

ஒன்பது வருசம் பிள்ளை இல்லாமல் இருந்து, மாதாவுக்கு நேர்த்தி வைத்துப் பிறந்தவள் நிலக்சனா. ஒரே பிள்ளை. இருபத்தொரு வயதில், பாலர் பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய கால் வீங்கத் தொடங்கியது. புதுச் செருப்புக் கடித்தது என்று நினைத்தார்கள். பிறகு முகமும் வீங்கியது. யாழ்ப்பாணத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள், இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போயிற்று என்றார்கள். தகப்பனுக்குச் சீனி வருத்தம், அவர் கொடுக்க ஏலாது. தாயினுடையது பொருந்தவில்லை. வேறொருவர் கிடைக்கும்வரை கிழமைக்கு இரண்டு தரம், செவ்வாயும் வெள்ளியும், ஆஸ்பத்திரிக்குப் போய் இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு நாள் தவறினாலும் உடம்பில் தண்ணீர் தேங்கும், மூச்சு முட்டும். அந்த இரண்டு நாட்களைப் பிடித்துக்கொண்டுதான் வீடு நின்றது.

இயந்திரத்துக்கு இரத்தம் எடுப்பதற்காக அவளுடைய இடக்கையில் இரண்டு இரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடம் எந்த நேரமும் உள்ளே இரைந்துகொண்டிருக்கும். இரைச்சல் நின்றால் உடனே கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். காலையில் எழும்பியதும் அன்ரனிதாஸ் முதல் வேலையாகப் புறங்கையை அதில் வைப்பார்.

“என்னப்பா, எஞ்சின் ஓடுதோ?”

“ஓம் மோனை. பதினைஞ்சு குதிரை. சுதியாத்தான் ஓடுது.”

“அப்ப தொழிலுக்குப் போகலாம்” என்று சொல்லிவிட்டு நிலக்சனா மறுபக்கம் திரும்பிப் படுப்பாள்.

பெற்றோலும் மண்ணெண்ணெயும் நாட்டில் இல்லாமல் போன வருசம் அவர்களுக்கு எல்லாம் தலைகீழாகியது. படகுக்கு மண்ணெண்ணெய் இல்லை. பஸ் வந்தால் வந்ததுதான். ஆட்டோக்காரர் வாசலிலேயே கையை விரித்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை ஐந்தரையிலிருந்து பத்து மணிவரை பஸ் தரிப்பிடத்தில் நின்றும் ஒன்றும் வரவில்லை. கடைசியில் தண்ணீர் கொண்டுபோகிற பவுசர் லொறி ஒன்று இரங்கி ஏற்றியது. நிலக்சனா சாரதிக்குப் பக்கத்தில், தாயின் தோளில் சாய்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டு போனாள்.

அன்று பின்னேரம் அன்ரனிதாஸ் கரைக்குப் போய், இழுத்துவைத்திருந்த தன் படகை ஒரு தரம் சுற்றி வந்தார். மரியநாயகி வேலிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் எஞ்சின் மூடியில் புறங்கையை வைத்தார். மூன்று மாதமாக ஓடாத எஞ்சின். அதில் என்ன சூடு இருக்கப் போகிறது? இவர் படகைக் கொடுக்கப் போகிறார் என்று அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

படகையும் எஞ்சினையும் சில்வெஸ்ரர் விலைக்கு எடுத்துக்கொண்டார். அன்ரனிதாஸ் இளந்தாரியாக இருந்தபோது ஐஸ் லொறி ஓடியவர். சாரதிப் பத்திரம் இருந்தது. கொழும்பிலிருந்து யாரோ பாவித்த ஹைபிரிட் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். வெள்ளை நிறம், சின்னக் கார். பெற்றோலும் பற்றறியும் சேர்ந்து ஓடுவதால் ஒரு லீற்றருக்கு இருபது கிலோமீற்றருக்கு மேல் போகும் என்றார்கள். பங்கீட்டில் கிடைக்கிற பெற்றோலில் இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து, மிச்சத்தில் ஊராட்களை ஏற்றிக் கூலிக்கு ஹயரும் ஓடலாம்.

கார் வந்த அன்று சில்வெஸ்ரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அதை மூன்று தரம் சுற்றினார்.

“மச்சான், கடலில ஓடினவன் இனிக் கரண்டில ஓடப் போறாய்.”

“கரண்டும் பெற்றோலும். ரண்டும் மாறி மாறி இழுக்கும்.”

“அப்ப புருசன் பெண்சாதி மாதிரி எண்டு சொல்லு. ஒண்டு இழுக்க மற்றது கிடந்து நித்திரை கொள்ளும்.”

“எங்கட வீட்டில அம்மாதான் பற்றறி, மாமா. சத்தமே வராது” என்றாள் நிலக்சனா. மரியநாயகி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

சில்வெஸ்ரர் சிரிக்கவில்லை. “நான் பகிடிக்குச் சொல்லேல்லை. உது ஜப்பான்காரன் பனிக்குள்ள ஓடச் செய்தது. பற்றறி எண்டது ஐஸ்கட்டி மாதிரி. எங்கட சித்திரை வெயிலில வைச்சா உருகிப்போம். புங்குடுதீவில ஒருத்தன் உது மாதிரி ஒண்டை வாங்கி, ஒண்டரை வருசத்தில இப்ப அதுக்குள்ள கோழி அடைக்கிறான்.”

“இருவது வருசமா ஐஸ் போட்டு மீனைக் காப்பாத்தினனான். இதையும் காப்பாத்துவன்.”

சொன்னபடியே பார்த்தார். தகரக் கொட்டில் போட்டு, தகரத்துக்கு மேல் கிடுகு வேய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனால் வேம்பின் கீழ் இடம் கிடைக்கும்வரை மூன்று தெரு சுற்றுவார். நிறுத்தியதும் முன்கண்ணாடிக்கு மேல் நனைத்த சாக்கை விரிப்பார். பிறகு, தவறாமல், பின்கதவைத் திறந்து உள்ளே குனிந்து, நிலக்சனாவின் தலைமாட்டில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கதவை மூடுவார். பிள்ளைக்குச் சுடுகிறதா என்று பார்க்கிறார் என்று மரியநாயகி நினைத்தாள். நிலக்சனா இறங்கிப் போன பிறகும் அவர் அந்த வெறும் இடத்தைத் தொட்டுப் பார்த்ததை ஒருநாள் கண்டாள். தகப்பன் மனம், பிள்ளை கிடந்த இடத்தைக்கூடத் தொட்டுப் பார்க்கிறது என்று எண்ணிக்கொண்டாள்.

பின் சீற்றின் வலப்பக்க ஓரத்தில், கதவடியில், உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்ரிக் வலை இருந்தது. அதற்குள்ளே மெல்லிதாக ஒரு விசிறி சுற்றும் சத்தம் கேட்கும். நிலக்சனாவுக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போயிற்று. தகப்பனுக்கு நேர் பின்னால், தலையணையை அந்த வலையோடு அணைத்து வைத்துக்கொண்டு படுப்பாள். கால் இரண்டும் தாயின் மடியில் இருக்கும்.

“அம்மா, இதுக்குள்ள ஆரோ மூச்சு விடுகினம்.”

“படுத்துக் கிட பிள்ளை.”

“உண்மையாத்தான். என்னைப் போலத்தான், கஸ்டப்பட்டு விடுகினம்.”

அந்தத் தலையணையைத் தைத்தவள் மரியநாயகி. வருத்தம் கூடக் கூட நிலக்சனாவின் தோல் கடித்தது. தடித்த துணி பட்டால் இரத்தம் வரச் சொறிவாள். தலையணைக்கென்று கடையில் விற்கிற துணி சாக்கு மாதிரி முரடு. மரியநாயகி தன்னுடைய பழைய வொயில் சேலை ஒன்றை எடுத்தாள். இருபது வருசம் தோய்த்துத் தோய்த்துப் பூப்போல ஆகியிருந்த சேலை. கரம்பொனில் தெரிந்த ஒரு வீட்டு வளவில் இலவமரம் நின்றது. அங்கே காய் பொறுக்கி வந்து, கொட்டை பிரித்து, வெயிலில் காயவைத்து, ஒரு கிழமை இருந்து தைத்தாள். துணி மெல்லியது, பஞ்சு கசியும். காரால் இறங்கும்போது மூன்று பேருடைய உடுப்பிலும் வெள்ளையாக ஒட்டியிருக்கும். “பாருங்கோ, மூண்டு பேரும் ஒரே நாளில நரைச்சுப் போனம்” என்பாள் நிலக்சனா.

ஒரே ஒரு தரம், கார் வாங்கிய புதிதில், அன்ரனிதாஸ் முன்னாலிருந்து சொன்னார்: “பிள்ளை, தலையணையை மற்றப் பக்கம் வைச்சுப் படன்.”

“ஏனப்பா?”

அவர் கண்ணாடியில் அவளுடைய முகத்தைப் பார்த்தார். இயந்திரத்தில் நாலு மணித்தியாலம் கிடந்துவிட்டு வந்த முகம். உதடு வெளுத்திருந்தது.

“இல்லை… சும்மா சொன்னனான். நீ கிட மோனை.”

மரியநாயகி அதையும் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

இரத்தம் சுத்தம் செய்து வருகிற நாட்களில் நிலக்சனாவுக்குக் குளிரும். பல்லுக் கிட்டும். அன்ரனிதாஸ் ஏசியை நிற்பாட்டுவார். வெளிக்காற்றும் ஆகாது என்று கண்ணாடிகளை உயர்த்துவார். பண்ணைக் கடலுக்கு நடுவே போகிற தெருவில், நண்பகல் வெயிலில், மூடிய காருக்குள் அவருடைய பிடரியால் வியர்வை ஓடிச் சேர்ட்டை நனைக்கும். பின்னால் போர்வைக்குள் நிலக்சனா நித்திரையாக இருப்பாள்.

இப்படி ஒரு வருசமும் ஒன்பது மாதமும் அந்தக் கார் ஓடியது. ஒரு செவ்வாய் தவறவில்லை, ஒரு வெள்ளி தவறவில்லை. “என்ன மச்சான், இன்னும் கோழி அடைக்கேல்லையோ?” என்று காணும்போதெல்லாம் கேட்ட சில்வெஸ்ரர், பிறகு பிறகு கேட்பதை விட்டார். ஒருநாள் தன் மனைவியைக் கண் டொக்டரிடம் கூட்டிப்போக அதே காரைத்தான் பிடித்தார். வழி முழுக்க ஏசிக் காற்றுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்துவிட்டு, இறங்கும்போது, “பரவாயில்லை, மீன் பெட்டி மாதிரித்தான் கிடக்கு” என்றார். அது அவருடைய வாயில் பெரிய புகழ்ச்சி.

வைகாசி பிறந்த கிழமை, செவ்வாய்க்கிழமை. அந்த வருசம் காலை எட்டு மணிக்கே தாரில் கால் வைக்க முடியாத வெயில். நிலக்சனாவுக்கு முதல் நாளிரவே உடம்பு காய்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே குளிருது என்றாள். ஏசியை நிற்பாட்டினார்கள். அல்லைப்பிட்டித் தேவாலயத்தைத் தாண்டும்போது மரியநாயகி வழக்கம்போலச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். மண்டைதீவுச் சந்தி கழிந்து, இரண்டு பக்கமும் கடல் வந்தபோது, வலைக்குள்ளிருந்த விசிறி திடீரென்று பெரிதாக இரைந்தது. முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. கார் இருமினாற்போல ஒரு தரம் குலுங்கி, மெல்ல மெல்ல ஓரத்துக்குப் போய் நின்றுவிட்டது.

அன்ரனிதாஸ் இறங்கி ஓடிவந்து பின்கதவைத் திறந்தார். மகளின் தலையை ஒரு கையால் தூக்கி, தலையணையை இழுத்துவிட்டு, அந்த வலையில் புறங்கையை வைத்தார். வைத்த வேகத்திலேயே கையை எடுத்தார்.

“என்னப்பா, நடுக்கடலில நங்கூரம் போட்டிட்டியள்?” என்றாள் நிலக்சனா. குரல் மிகச் சிறிதாக வந்தது.

“ஓம் மோனை. கொஞ்சம் பொறு. ஏதும் வரும்.”

ஒதுங்க ஒரு மரம் இல்லை. மரியநாயகி குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்ரனிதாஸ் நடுத்தெருவில் நின்று இரண்டு கையையும் விரித்து மறித்தார். இரண்டு மோட்டார்சைக்கிள்கள் நின்றன. அவற்றில் நிலக்சனாவால் இருக்க ஏலாது. முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு ஒரு மீன் லொறி வந்தது. ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட, அதன் முன் சீற்றில் அவளை ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளுடைய முறை கழிந்திருந்தது. பின்னேரம்தான் இயந்திரம் கிடைத்தது. காய்ச்சலைக் கண்டு அன்றே வாட்டில் படுக்கவைத்து மறித்துவிட்டார்கள்.

பதினோராம் நாள் நிலக்சனா செத்துப்போனாள்.

இரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது, அது சில நாட்களுக்கு முந்தியே தொடங்கியிருக்கும், தெருவில் நின்றதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று டொக்டர் இருத்திவைத்துப் பொறுமையாகச் சொன்னார். நல்ல மனிதர். மரியநாயகி தலையாட்டினாள். அவளுக்கு அந்த முக்கால் மணித்தியாலம்தான் கண்ணுக்குள் நின்றது. அன்ரனிதாஸ் டொக்டருடைய வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சவப்பெட்டியை மூடுவதற்கு முன், பிள்ளையின் இடக்கையில் புறங்கையை வைத்து நெடுநேரம் நின்றார். சில்வெஸ்ரர்தான் தோளைப் பிடித்து விலக்கினார்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகு காரைக் கட்டியிழுத்து யாழ்ப்பாணத்தில் மிரோஜன் என்ற மெக்கானிக்கின் கராஜுக்குக் கொண்டுபோனார்கள். அன்ரனிதாஸ் தனியாகத்தான் உள்ளே நின்றாராம். பின்னேரம் வந்து கதிரையில் இருந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

“என்னவாம்?” என்று மரியநாயகி கேட்டாள்.

“வெயில். வெயில்தான் பற்றறியைத் திண்டிட்டுது. உன்ர அண்ணன் சொன்னது சரி. உது எங்கட சூட்டுக்குச் சரிவராது.”

“புதுப் பற்றறி போடலாமோ?”

“போடலாமாம். போட்டு ஆரை ஏத்துறது?”

கார் அப்படியே திரும்பிவந்து கொட்டிலுக்குள் நின்றது. அடுத்த நாள் அவருடைய சேர்ட்டைத் தோய்க்கும்போது, பைக்குள் ஒரு நகத்தளவு பஞ்சு ஒட்டியிருக்கக் கண்டாள். இலவம்பஞ்சு. பிள்ளையின் தலையணைப் பஞ்சு. எத்தனை நாள் திட்டித் திட்டித் தட்டிய பஞ்சு. கிணற்றடியில் குந்தியிருந்து அழுதாள். பிறகு அதைத் தன் செபப் புத்தகத்துக்குள், நிலக்சனாவின் படத்தோடு வைத்தாள். பஞ்சு ஏன் வெள்ளையாக இல்லாமல் கறுத்து, எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது என்று அன்றைக்கு அவள் யோசிக்கவில்லை.

சந்தியிலும் கரையிலும் அன்ரனிதாஸ் அதையே சொன்னார். வெயில். சில்வெஸ்ரர் முதலில் கேட்டபோது, “நான் அப்பவே…” என்று தொடங்கி, வாயை மூடிக்கொண்டு கடலைப் பார்த்தார். கதை தீவுகளெல்லாம் போயிற்று. ஹைபிரிட் வாங்க நினைத்தவர்கள் வந்து கேட்டார்கள். நயினாதீவிலிருந்துகூட ஒருவர் படகேறி வந்தார். எல்லோருக்கும் ஒரே பதில். அதிகம் பேசாத மனிதன் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் ஊர் நம்பும்.

வாகன இறக்குமதியைத் திரும்பத் திறந்துவிட்ட வருசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கரம்பொன் ஜெயரூபன் வந்தார். தபால் கந்தோரில் வேலை. யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கிடைத்திருந்தது; தினமும் போய்வர ஒரு கார் பார்த்துக்கொண்டிருந்தார். அன்ரனிதாஸ் கதிரை இழுத்துப் போட்டார். மரியநாயகி குசினிக்குள் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

“அண்ணை, ஒளிக்காமல் சொல்லுங்கோ. ஹைபிரிட் எடுக்கலாமோ, விடவோ?”

“விடும் தம்பி. இந்த வெயிலுக்கு ஏலாது.”

“அப்பிடித்தான் எல்லாரும் சொல்லுகினம். ஆனா நான் வீடியோவில பாத்தனான் அண்ணை. வெயிலில்லையாம் காரணம். பின் சீற்றில ஒரு காத்து வலை இருக்காம். பற்றறி அதாலதான் மூச்சு எடுக்குமாம். அதை மூடாமல், தூசி பஞ்சு அடையாமல் பாத்து, ஏசியும் போட்டு ஓடினா எங்கட நாட்டிலயும் கனகாலம் ஓடுமாம். உங்கடையில அந்த வலை அடைச்சுக் கிடந்ததோ?”

“இல்லை.” பதில் உடனே வந்தது. “அதொண்டும் இல்லை. வெயில்தான்.”

“மிரோஜனிட்டயும் கேட்டனான். அவன் ஒண்டும் சொல்லுறானில்லை. ‘அதை அன்ரனி அண்ணைதான் சொல்லோணும்’ எண்டிட்டு வேலையைப் பாக்கிறான்.”

“அவனுக்கு என்ன தெரியும். சின்னப் பெடியன்.”

“அப்ப ஒருக்கா உங்கட காரைத் திறந்து பாப்பமே அண்ணை?”

“அது வேண்டாம் தம்பி.”

குசினிக்குள் தண்ணீர் கொதித்து வெளியே வழிந்தது. மரியநாயகி அடுப்பை அணைத்தாள். பின்வாசலால் இறங்கிக் கொட்டிலுக்குப் போனாள். பிள்ளை போன பிறகு அந்தக் கார்க் கதவை அவள் தொட்டதில்லை. திறந்தாள். சூடும் பழைய மருந்து மணமும் முகத்தில் அடித்தன. வலப்பக்க ஓரத்தில் அந்த வலை கழற்றப்பட்டு, சீற்றுக்கு மேல் கிடந்தது. திரும்பப் பூட்ட யாருக்கும் மனம் வரவில்லைப்போலும். உள்ளே கறுத்த துவாரம். அதன் விளிம்பில், சிலந்தி நூல் மாதிரி, இரண்டு மூன்று பஞ்சு இழைகள்.

அவள் கையைத் திருப்பி, புறங்கையை அந்தத் துவாரத்தில் வைத்தாள். இத்தனை நாளும் அவர் தொட்டுப் பார்த்த இடம் எது என்று அப்போதுதான் தெரிந்தது. தலையணையை மற்றப் பக்கம் வைக்கச் சொன்னது ஏன் என்று தெரிந்தது. சொல்லிவிட்டு விட்டது ஏன் என்றும் தெரிந்தது. பிள்ளையின் கன்னத்துக்கு நோகக்கூடாதென்று அவள் எடுத்த வொயில் சேலை. அவள் கையால் பொறுக்கிய இலவம்பஞ்சு. ஒரு வருசமும் ஒன்பது மாதமும் அந்த விசிறி அதைத்தான் உறிஞ்சிக்கொண்டிருந்தது. மிரோஜன் கழற்றிக் காட்டியிருப்பான். கை நிறைய வந்திருக்கும். அதை இவர் எங்கே கொண்டுபோய்ப் போட்டாரோ. வீட்டுக்கு வந்து, வெயில் என்றார்.

அவருக்குத் தெரிந்திருந்தது. முதல் நாளிலிருந்தே தெரிந்திருந்தது. பிள்ளையை எழுப்பித் தலையணையைப் பறிக்க மனம் வராமல், நிற்கும் இடமெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்து, ஓடட்டும் ஓடட்டும் என்று ஓடியிருக்கிறார். எல்லாம் முடிந்த பிறகு அந்தப் பழி அவளுடைய தையல் ஊசியில் வந்து விழாமல், வானத்தில் கிடக்கிற சூரியன்மேல் தூக்கிப் போட்டிருக்கிறார்.

மரியநாயகி கதவை மூடினாள். சத்தம் வராமல் மூடினாள். கிணற்றடியில் முகத்தைக் கழுவினாள். தேநீர் ஊற்றி, இரண்டு கோப்பையையும் தட்டில் வைத்து முன்னுக்குக் கொண்டுவந்தாள். வழக்கமாக வைத்துவிட்டு உடனே உள்ளே போய்விடுவாள். அன்றைக்குப் போகவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஜெயரூபன் இன்னும் விடவில்லை. “இல்லை அண்ணை, இவ்வளவு ஆக்கள் வைச்சிருக்கினம்தானே, எல்லாற்ற பற்றறியையும் வெயில் திண்டிட்டுதே?”

“ஓம் தம்பி, வெயில்தான்” என்றாள் மரியநாயகி.

இரண்டு ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள். வெளி ஆளுக்கு முன்னால் அவளுடைய குரலை அன்ரனிதாஸ் கேட்டு எத்தனையோ வருசம்.

“நானும் கூடப் போனனான்தானே. பின்னுக்குத்தான் இருந்தனான். வலையில ஒண்டும் அடைக்கேல்லை. இவர் நல்லாப் பாத்தவர். ஒவ்வொரு நாளும் தொட்டுத் தொட்டுப் பாத்தவர். அண்டைக்கு அடிச்ச வெயில்… அதுக்கு ஆர் என்ன செய்யிறது? தேத்தண்ணியைக் குடியுங்கோ தம்பி.”

ஜெயரூபன் தலையைக் குனிந்தார். “சரி அக்கா. நீங்களும் சொன்னாப் பிறகு என்ன.”

அன்ரனிதாஸ் மனைவியின் முகத்தையே பார்த்தார். அவளுடைய வலது புறங்கையில் ஒரு கறுப்பு எண்ணெய்க் கீறு இருந்தது. அதைக் கண்டாரோ இல்லையோ, அவளுக்குத் தெரியாது. அவள் அந்தக் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். அவர் கோப்பையை எடுத்தார். எடுக்கும்போது புறங்கையால் தொட்டுச் சூடு பார்க்கவில்லை. அப்படியே வாயில் வைத்தார், சுட்டது, விழுங்கினார்.

ஜெயரூபன் பெற்றோல் கார் ஒன்று வாங்கி ஓடுகிறார். அது அதிகம் குடிக்கிறது என்று சந்தியில் புறுபுறுப்பதை மரியநாயகி கேட்டிருக்கிறாள். அவரைக் கண்டால் வேலிக்குப் பின்னால் ஒதுங்கிவிடுவாள். அந்தப் பொய்யை அவள் பாவசங்கீர்த்தனத்தில் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும்.

கார் கொட்டிலுக்குள் நிற்கிறது. கோழி அடைக்கவில்லை. மழைக்கு முந்திக் கிடுகை மட்டும் மாற்றுகிறார்கள். அன்ரனிதாஸ் இப்போது சில்வெஸ்ரருடைய படகில், தான் விற்ற அதே படகில், பங்குக்குத் தொழிலுக்குப் போகிறார். ஊர்காவற்றுறையில் யாரும் ஹைபிரிட் வாங்குவதில்லை. கேட்டு வருகிறவர்களுக்கு அவர் வெயில் என்கிறார், அவளும் ஓம் என்கிறாள்.